தங்கத்தைப் பிடித்துத் தரும் செம்பு

பழைய செல்போன் ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். சிம் கார்டு உட்காரும் இடத்தில் மஞ்சளாக மின்னுகிறதே, அது தங்கம்தான். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பூச்சு. ஒரு போனில் தேறுவது அற்பம். ஆனால் ஒரு டன் போன்களில் இருக்கும் தங்கம், ஒரு டன் சுரங்கப் பாறையில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்கு மக்கள் கொடுத்த பழைய கருவிகளிலிருந்தே சுமார் 32 கிலோ தங்கம் எடுத்தார்கள். (தங்கப் பதக்கத்துக்குள்ளே இருப்பது வெள்ளி என்பது வேறு கதை.)

சரி, எப்படி எடுக்கிறார்கள்? முதலில் பேட்டரியைக் கழற்றிவிட்டு மற்றதை நொறுக்குவார்கள். காந்தம் இரும்பை இழுத்துக்கொள்ளும். மிச்சமிருக்கும் சர்க்யூட் பலகைகள் 1,200 டிகிரிக்கு மேல் கொதிக்கும் உலைக்குப் போகும். பலகையிலுள்ள பிளாஸ்டிக்கே எரிபொருளாகிவிடும். உருகிய செம்பில் தங்கம், வெள்ளி, பல்லேடியம் எல்லாம் கரைந்து ஒட்டிக்கொள்ளும். அந்தச் செம்பைத் தகடாக வார்த்து, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். செம்பு கரைந்து எதிர்த் தகட்டில் போய்ப் படியும். தங்கம் கரையாது; தொட்டியின் அடியில் கறுத்த சேறாகத் தங்கிவிடும். பார்த்தால் கழுவி ஊற்றத் தோன்றும், அப்படி ஒரு சேறு!

இதே செம்பு திறந்தவெளியில் வேறு முகம் காட்டும். செம்புக் கம்பிக்காக வயர்களைக் குவித்துக் கொளுத்தும்போது, மேலுறையான பிவிசியிலிருந்து குளோரின் வெளியேறும். 200 முதல் 400 டிகிரி வரையிலான அரைகுறைச் சூட்டில், செம்பு வினையூக்கியாக நின்று அந்தக் குளோரினை டையாக்சின் என்ற நஞ்சாக மாற்றிவிடும். நல்ல உலைகளில் புகையைச் சட்டென்று குளிர வைப்பது, அந்தச் சூட்டில் அது தங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

2022இல் உலகம் கழித்துப் போட்ட மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது 22.3 சதவீதம் மட்டுமே. என்னைக் கேட்டால், தொழில்நுட்பத்தைவிடப் பெரிய சிக்கல் நம் வீட்டு டிராயர்தான். 'இருக்கட்டும், எப்பவாவது உதவும்' என்று வைத்த போன் எந்த உலைக்கும் போய்ச் சேராது.

அதற்காகக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். குப்பை லாரி அழுத்தும்போது லித்தியம் பேட்டரிக்குள் இருக்கும் மெல்லிய தடுப்புத் தாள் கிழியும். இரு முனைகளும் தொட்டுக்கொண்டால் லாரியே தீப்பிடிக்கும். தனியாகக் கழன்ற பேட்டரி என்றால் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் மையத்தில் கொடுங்கள். உப்பியிருந்தால் குத்தவோ அமுக்கவோ வேண்டாம்.