நீலத்துக்குள் எத்தனை நீலம்?

மேட்சிங் சென்டரில் நின்று "நீலத்தில் ஒரு பிளவுஸ் பிட் கொடுங்க" என்றால், "எந்த நீலம்மா?" என்றுதான் பதில் வரும். எம்.எஸ். ப்ளூ, ஆனந்தா ப்ளூ, நேவி ப்ளூ, காப்பர் சல்பேட், மயில்கழுத்து என்று அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கும். தையல் கடை மேசைக்கு அடியில் கிடக்கும் வெட்டுத்துணி மூட்டையிலும் இதே நிலைதான். அதிலிருந்து நீலத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால், அச்சாக ஒத்துப்போகிற இரண்டு துண்டு கிடைப்பது அபூர்வம். குயில்ட் தைப்பவருக்கு இந்த ஒத்துப்போகாமைதான் மூலதனம்.

துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துச் சதுரமாக்கினால் அது ஒரு பிளாக். பல பிளாக்குகளை இணைத்து, நடுவே பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்து நூலோட்டினால் குயில்ட். வழக்கமாகச் சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை, மஞ்சளுக்குப் பக்கத்தில் ஊதா என்று நிறத்தை மாற்றி வைத்துத்தான் உருவம் காட்டுவார்கள். எல்லாத் துண்டும் நீலம் என்றால் உருவம் எப்படித் தெரியும்? நன்றாகவே தெரியும். சில சமயம் பல நிற பிளாக்கைவிடத் துல்லியமாகவே தெரியும்.

அமெரிக்க ஓவியர் ஆல்பர்ட் மன்செல் 1905-இல் நிறத்தை மூன்று அளவுகளாகப் பிரித்துக் காட்டினார். முதலாவது, அது சிவப்பா நீலமா என்பது. இரண்டாவது, கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே அது எங்கே நிற்கிறது என்பது; கடையில் லைட், டார்க் என்கிறோமே, அது. மூன்றாவது, நிறம் பளிச்சென்று இருக்கிறதா, சாம்பல் கலந்து மங்கி இருக்கிறதா என்பது. ஒரே நிறத்தில் பிளாக் தைக்கும்போது முதல் அளவு கையை விட்டுப் போய்விடுகிறது. மிச்சம் இருக்கும் இரண்டில் பாரம் முழுவதையும் சுமப்பது லைட்-டார்க்தான்.

அது சுமக்கக் கூடியதும்கூட. நம் விழித்திரையில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. அவற்றில் நீலத்துக்கென்று உள்ளவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பார்வை மிகக் கூர்மையாக இருக்கும் நடுப்புள்ளியிலோ அவை அறவே இல்லை. ஒரு பொருளின் விளிம்பு, வடிவம், மேடு பள்ளம் இவற்றையெல்லாம் மூளை பெரும்பாலும் மற்ற இரண்டு வகைச் செல்கள் தரும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடிக்கிறது. நிறத் தகவல் மேலே பூசினாற்போலத்தான் வந்து சேருகிறது. நாம் பார்க்கும் வீடியோக்களில் பெரும்பாலானவை நிறத் தகவலைக் கால் பங்காகக் குறைத்துத்தான் சேமிக்கப்படுகின்றன. யாருக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. வெளிச்சத் தகவலை அப்படிக் குறைத்தால் படம் உடனே மங்கிவிடும்.

ஆகவே ஒரே அளவு அடர்த்தியுள்ள சிவப்பையும் பச்சையையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால், பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது விளிம்பு குழம்பும். வெளிர் நீலத்துக்குப் பக்கத்தில் நேவி ப்ளூ வைத்தால் விளிம்பு கத்தியால் கீறியதுபோல் நிற்கும்.

இதனால் ஊசியில் நூல் கோப்பதற்கு முன்பே முக்கால்வாசி வேலை முடிந்துவிடுகிறது. துண்டுகளை லைட், நடுத்தரம், டார்க் என்று மூன்று குவியலாகப் பிரிப்பதுதான் அந்த வேலை. லைட்டும் டார்க்கும் ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடும். நடுத்தரம்தான் படுத்தும். பளிச்சென்ற துணியைக் கண் எப்போதும் கொஞ்சம் வெளிராகவே கணக்குப் போடும். ஆனந்தா ப்ளூவை லைட் குவியலில் போடச் சொல்லும். துண்டுகளை வரிசையாகப் பரப்பி, போனில் கறுப்பு-வெள்ளையாக ஒரு படம் எடுத்தால் வழக்கு தீர்ந்தது. திரைகளின் வெளிச்சக் கணக்கில் பச்சைக்குச் சுமார் 72 சதவீதம், சிவப்புக்கு 21, நீலத்துக்கு வெறும் 7. பளபளவென்று தெரிந்த நீலம் கறுப்பு-வெள்ளையில் கருத்துப் போவதற்கு இதுதான் காரணம். சிவப்புக் கண்ணாடித்தாள் வழியாகப் பார்ப்பது இன்னொரு பழைய உத்தி. நீலத்துக்கு ஓரளவு உதவும். சிவப்புத் துண்டுகளை அதன் வழியே பார்த்தாலோ எல்லாமே வெளுத்துத் தெரியும். அங்கே அது வீண்.

எந்த நிறத்தை எடுத்தாலும் இப்படி அமையுமா? அமையாது. மஞ்சளை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் பளிச்சென்று இருக்க வேண்டுமானால் வெளிராகவும் இருந்தே ஆக வேண்டும். கருக்க வைத்தால் கடுகு நிறமாகி, பிறகு பழுப்பாகி, மஞ்சள் என்ற பெயரையே இழந்துவிடும். மஞ்சள் பிளாக்கில் டார்க் குவியலுக்கு ஆள் கிடைக்காது. நீலம் நேர்மாறு. வானத்தின் வெளுப்பிலிருந்து கிட்டத்தட்டக் கறுப்புவரை போனாலும் நீலம் நீலம்தான். முதல் முறையாக ஒரே நிறத்தில் தைப்பவர் நீலத்தில் தொடங்குவதே புத்திசாலித்தனம் என்பேன்.

அச்சுத்துணிக்கு ஒரு தனிக் கணக்கு உண்டு. நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய கோணம் ஏறத்தாழ ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. 3 மீட்டர் தள்ளி நின்றால் அது 0.9 மில்லிமீட்டர்கூட வராது. அந்தத் தூரத்தில், அரை மில்லிமீட்டர் வெள்ளைப் புள்ளி போட்ட நீலத் துணி புள்ளி போட்டதாகவே தெரியாது. வெள்ளையும் நீலமும் கலந்து வெளிறிய ஒரு நீலமாகிவிடும். எனவே அச்சுத்துணியைக் கையில் வைத்துத் தரம் பிரிக்கக் கூடாது. சுவரில் குத்தி, அறையின் மறு கோடியிலிருந்து பார்க்க வேண்டும்.

நடுத்தரக் குவியலை என்ன செய்வது? அது எந்தப் பக்கம் சேரும் என்பதை அதன் அண்டைத் துணி தீர்மானிக்கும். பாரிஸின் கோபலன் நெசவாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரூல், கறுப்பு நூல் சரியில்லை என்று வந்த புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறையில்லை; பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைச் சோகையாகக் காட்டின. அதை வைத்து 1839-இல் ஒரு நூலே வெளியிட்டார். விழித்திரையில் ஒரு பகுதி தூண்டப்படும்போது அது அக்கம்பக்கத்தை அடக்குகிறது. ஆகவே ஒரே துண்டு நேவிக்குப் பக்கத்தில் லைட்டாகவும் வெளிர் நீலத்துக்குப் பக்கத்தில் டார்க்காகவும் நடிக்கும். அளவாகச் சேர்த்தால் இந்த இரட்டை வேஷம் பிளாக்குக்கு ஆழம் தரும். அதிகமானால் உருவம் கரைந்துவிடும்.

இனி தையல். ஒரே நிறத்துக்கு மிகப் பொருத்தமானது லாக் கேபின் எனப்படும் அமெரிக்க வடிவம். நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். நடுச்சதுரத்தை 2½ அங்குலத்துக்கும் பட்டைகளை 1½ அங்குல அகலத்துக்கும் வெட்டுங்கள். முதல் சுற்றுப் பட்டைகளின் நீளம் 2½, 3½, 3½, 4½. ஒவ்வொரு அடுத்த சுற்றுக்கும் இரண்டிரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டே போனால் மூன்று சுற்றில் 8½ அங்குலச் சதுரம் வரும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டு பட்டை லைட், அடுத்த இரண்டும் டார்க். பிளாக் மூலைவிட்டத்தில் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியில் வெயிலும் மறு பாதியில் நிழலும் விழுந்தாற்போல் இருக்கும். நீளமான பட்டையே எட்டரை அங்குலம்தான் என்பதால் பிளவுஸ் கையில் மிஞ்சிய துண்டுகூட உதவும்.

தையலுக்கு விடும் ஓரம் கால் அங்குலம். இதில் கை கொஞ்சம் தாராளமாகி, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாகப் பிடித்துவிட்டது என்று வையுங்கள். இரண்டு துணியிலும் அவ்வளவு போகும். ஒரு தையலுக்கு எட்டில் ஒரு பங்கு நஷ்டம். பிளாக்கின் குறுக்கே இப்படி ஆறு தையல். கணக்குப் பார்த்தால் முக்கால் அங்குலம் காணோம். கண்ணுக்குத் தெரியாத பிசகு ஆறு முறை கூடினால் அடுத்த பிளாக்கோடு சேராது. முதல் சுற்று முடிந்ததும் 4½ அங்குலம் இருக்கிறதா என்று அளந்துவிடுவதே நல்லது.

வெட்டுத்துணி என்பதால் இன்னொரு சிக்கல். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தறியில் இழுத்துக் கட்டப்பட்டு வந்தது. அதன் நீளவாக்கில் துணி அதிகம் இழுபடாது. அகலவாக்கில் ஓடும் ஊடை நூலின் பக்கம் சற்றே இழுபடும். இரண்டுக்கும் நடுவே, மூலைவாக்கில் இழுத்தாலோ கடைகளின் மடக்கு கேட் விரிவதுபோல நூல்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து துணி நன்றாகவே நீளும். நூல் நீளவில்லை, கோணம்தான் மாறுகிறது. கிராஸ் கட் பிளவுஸ் உடம்போடு படிவது இந்தக் குணத்தால்தான். ஆனால் கழுத்து வெட்டிலும் அக்குள் வெட்டிலும் மிஞ்சிய துண்டுகளில் பெரும்பாலான ஓரங்கள் இப்படி மூலைவாக்கில்தான் இருக்கும். தைக்கத் தைக்க அலையலையாக நீண்டுவிடும். பழைய வேட்டியில் ஒரு சதுரம் வெட்டி அடித்துணியாக வைத்து, பட்டைகளை அதன்மேல் தைத்தால் இழுபடும் வேலையை அடித்துணி தடுத்துவிடும். இஸ்திரிப் பெட்டியையும் தேய்த்து ஓட்டக் கூடாது. வைத்து எடுக்க வேண்டும். தையல் ஓரங்களை டார்க் துணியின் பக்கம் மடக்குங்கள். வெளிர் துணிக்கு அடியில் நேவி ஓரம் இருந்தால் மேலே நிழல் கோடாகத் தெரியும். ஒரே நிறப் பிளாக்கில் அது தனியாக ஒரு பட்டைபோல் உறுத்தும்.

கடையில் துணியை வாசல்வரை எடுத்துப் போய் வெயிலில் பார்ப்பதும் வெறும் பழக்கமில்லை. வெவ்வேறு சாயக் கலவைகள் டியூப் லைட்டில் ஒரே நீலமாகத் தெரிந்து, பகல் வெளிச்சத்தில் ஒன்று பச்சை பக்கமும் மற்றது ஊதா பக்கமும் விலகும். பட்டிலும் சாட்டினிலும் இன்னொரு விளையாட்டு உண்டு. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்தைத் தொண்ணூறு பாகை திருப்பி வைத்தால் வேறு நீலம் கிடைக்கும். ஒரே துண்டிலிருந்து இரண்டு நிறம், இலவசமாக.

ஒரே நிறத் துண்டுகளில் உலகில் நடந்த பெரிய வேலைகள் அழகுக்காகத் தொடங்கியவை அல்ல. ஜப்பானின் வடக்கில், அவோமொரி பகுதியில், குளிருக்குப் பருத்தி விளையாது. தெற்கிலிருந்து கப்பலில் வந்த பழந்துணிதான் அங்கே பருத்தி. விவசாயக் குடும்பங்கள் அந்தக் கந்தலை ஒட்டுமேல் ஒட்டாகத் தைத்து, தலைமுறை தலைமுறையாக உடுத்தியும் போர்த்தியும் வந்தன. போரோ என்று பெயர். பெரும்பாலும் அவுரி, அதாவது இண்டிகோ என்ற நீலச் சாயம் ஏற்றிய துணிகள். அமெரிக்காவின் அலபாமாவில், ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் டெனிமையும் குயில்ட்டாக்கினார்கள். 2002-இல் ஹூஸ்டன் அருங்காட்சியகம் அவற்றைச் சுவரில் மாட்டியது. சில துண்டுகளில், பாக்கெட் பிரித்தெடுத்த இடம் மட்டும் வெளுக்காமல் அடர் நீலக் கட்டமாக நிற்கும். முழங்கால் இருந்த இடம் வெளிர் நீலம். லைட், நடுத்தரம், டார்க் மூன்றையும் வயல் வேலையே பிரித்துக் கொடுத்துவிட்டது.

டெனிமின் நீலமும் அவுரிதான். அது இப்படி வெளுப்பதற்கு அவுரியின் வேதியியலில் காரணம் இருக்கிறது. அந்த நீலம் தண்ணீரில் கரையாது. தொட்டியில் ஆக்சிஜனை நீக்கி, மஞ்சள்பச்சையான, கரையும் வடிவத்துக்கு மாற்றித்தான் நூலை முக்குவார்கள். வெளியே எடுத்ததும் காற்று பட்டு நீலமாகும். முக்க முக்க அடர்த்தி ஏறும். ஆனால் சாயம் நூலோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை; பெரும்பாலும் வெளி அடுக்கிலேயே தங்குகிறது. ஜீன்ஸில் நூலின் நடுப்பகுதி வெள்ளையாகவே இருக்கும், ஊடையும் வெள்ளை. அதனால்தான் உராய்வில் வெளுக்கிறது. ஜீன்ஸின் உட்புறத்தைத் திருப்பி வைத்தால் லைட் குவியலுக்கு ஒரு துண்டு தயார்.

1956-இல் சந்தைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் பருத்தியோடு நிஜமாகவே பிணைந்துகொள்கின்றன. இன்றைய பருத்தி பிளவுஸ் பிட்டுகளில் பலவும் இந்த வகை. ஆனாலும் பிணையாமல் மிஞ்சிய சாயம் முதல் சில துவைப்புகளில் வெளியேறும். எல்லாம் நீலம்தானே என்று அலட்சியமாக இருந்தால், நேவியின் சாயம் வெளிர் துண்டுகளில் ஏறி, பாடுபட்டுப் பிரித்த லைட்-டார்க் இடைவெளியைக் குறைத்துவிடும். வெட்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஒரு முறை அலசிக் காயவையுங்கள். சுருங்க வேண்டியதும் அப்போதே சுருங்கிவிடும். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் அடர் நீலத் துண்டுகளைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நீலம் ஒட்டுகிறவரை அந்தத் துண்டைத் தனியாக அலசுங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் ஒட்டினால் அதை இந்த பிளாக்கில் சேர்க்க வேண்டாம். ஜீன்ஸ் துண்டுகளோடு போட்டு, டார்க்காகவே ஒரு பை தைத்துக்கொள்ளலாம்.