இமேஜுக்குள் தங்கிவிடும் ப்ராக்ஸி கடவுச்சொல்

நிறுவன வலையமைப்புக்குள் இருந்து கன்டெய்னர் இமேஜ்களை (ஒரு நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளை) உருவாக்கும் குழுக்கள், அதற்கான கட்டளைகள் அடங்கிய டாக்கர்ஃபைலை என் பார்வைக்கு அனுப்பும்போது, வெளி இணையத்துக்கு இடைவழியாக நிற்கும் ப்ராக்ஸி சேவையகத்தின் முகவரி, சூழல் மாறிக்கு மதிப்புக் கொடுக்கும் 'என்வி' வரியில் எழுதப்பட்டிருக்கிறதா என்றே முதலில் பார்க்கிறேன். ப்ராக்ஸி இல்லாமல் பில்ட் (இமேஜை உருவாக்கும் வேலை) நின்றுவிடும் அவசரத்தில் பலரும் செய்வது இதுதான். பில்டும் ஓடிவிடுவதால், அதன்பின் அந்த வரியை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒரு குழுவின் இமேஜில், அது உருவான படிகளைக் காட்டும் 'டாக்கர் ஹிஸ்டரி' கட்டளையை இயக்கியபோது, பயனர் பெயர், முக்காற்புள்ளி, கடவுச்சொல், ப்ராக்ஸி முகவரி என எல்லாம் ஒரே வரியில் வந்து நின்றன. கடவுச்சொல்லில் இருந்த '@' குறி மட்டும், முகவரியைக் குழப்பாமல் இருப்பதற்காக '%40' என்று எழுதப்பட்டிருந்தது. டாக்கர்ஃபைலின் இறுதியில் அதே மாறிக்கு வெற்று மதிப்பைக் கொடுத்து அதை அழித்துவிட்டதாக அவர்கள் நம்பியிருந்தார்கள். பிந்தைய வரி மதிப்பை மாற்றுமே தவிர, முந்தைய வரி இமேஜின் வரலாற்றில் அப்படியே இருக்கும். அந்த இமேஜை இறக்கிக்கொள்ளும் எவரும் அதைப் படிக்கலாம்.

ப்ராக்ஸி மதிப்புகளை 'பில்ட் ஆர்க்' வழியாக, அதாவது பில்டைத் தொடங்கும் கட்டளையோடு சேர்த்து, கொடுப்பதே முறை. ப்ராக்ஸி மாறிகளை டாக்கர் முன்கூட்டியே அறிந்திருப்பதால், அவற்றை டாக்கர்ஃபைலில் 'ஆர்க்' என்று அறிவிக்கத் தேவையில்லை. அறிவிக்காத வரை அவை வரலாற்றிலும் பதிவாவதில்லை. ஒழுங்காக எழுதுவதாக எண்ணி அந்த அறிவிப்பைச் சேர்ப்பவர்கள் இந்தப் பாதுகாப்பைத் தாங்களே இழக்கிறார்கள்.

அடிப்படை இமேஜை இறக்குவது டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் டாக்கர் சேவை) என்பதால், அதற்குரிய ப்ராக்ஸியை டீமனின் அமைப்பில் தனியாகக் கொடுத்து, டீமனை மறுதொடக்கம் செய்ய வேண்டும். பில்டின்போது கட்டளைகளை இயக்கும் 'ரன்' வரிகளுக்குள் நடக்கும் பதிவிறக்கங்களுக்கு பில்ட் ஆர்க் வேண்டும். இதில் ஒன்றை மட்டும் செய்துவிட்டு மற்றதில் தோற்று நிற்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன். ப்ராக்ஸி உங்கள் கணினியிலேயே ஓடினாலும் '127.0.0.1' என்று எழுதக் கூடாது, ஏனெனில் பில்டுக்குள் அந்த முகவரி, வழக்கமாக, அந்தக் கன்டெய்னரையே குறிக்கும்.

மாறியின் பெயரைச் சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும் சேர்த்தே கொடுங்கள். பதிவிறக்கத்துக்குப் பயன்படும் கர்ல் நிரல் எச்டிடிபி ப்ராக்ஸி மாறியைச் சிறிய எழுத்தில் மட்டுமே ஏற்கிறது. வேறு சில கருவிகள் பெரிய எழுத்தையே தேடுகின்றன. ஜாவா இந்த மாறிகளை இயல்பாகப் பொருட்படுத்துவதில்லை என்பதால் அதற்குத் தனி அமைப்பு வேண்டும். நிறுவனத்தின் உள் ரெஜிஸ்ட்ரியின் (இமேஜ்களைச் சேமித்து வைக்கும் சேவையகத்தின்) பெயரை, ப்ராக்ஸியைத் தவிர்க்க வேண்டியவற்றைக் கூறும் 'நோ ப்ராக்ஸி' பட்டியலில் சேர்க்கும்போது, ஐபி வரம்புகளை எல்லாக் கருவிகளும் ஒரே விதமாகப் புரிந்துகொள்வதில்லை என்பதால், புரவலன் பெயர்களையே எழுதுவது நல்லது.

கடவுச்சொல்லுடன் கூடிய இமேஜ் ஏற்கெனவே ரெஜிஸ்ட்ரிக்குச் சென்றிருந்தால், முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். இமேஜை நீக்குவதும் மீண்டும் உருவாக்குவதும் அதற்குப் பின்புதான், ஏனெனில் அதற்குள் எத்தனை கணினிகள் அதை இறக்கிக்கொண்டன என்பதை நீக்குபவரால் அறிய முடியாது.