தாத்தாவை மட்டும் கவனிச்சுப் பாரு

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு த்ரில்லர் படத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். முதல் நாள் முதல் காட்சியே பார்த்துவிட்ட நண்பனிடம் படம் எப்படி என்று கேட்டேன். பொறுப்பான ஆள் அவன். "கதையெல்லாம் சொல்ல மாட்டேன்டா. அந்தத் தாத்தாவை மட்டும் நல்லா கவனிச்சுப் பாரு" என்றான்.

ஒரு பெரிய வீடு, மழை ராத்திரி, ஒரு கொலை, சந்தேகப்பட எட்டுப் பேர். தாத்தா மூலையில் சாய்வு நாற்காலியில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மற்ற ஏழு பேரும் கத்தினார்கள், ஓடினார்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தார்கள். நான் இரண்டரை மணி நேரமும் தாத்தாவின் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் தியேட்டரே "ஐயோ" என்றபோது எனக்குக் கொட்டாவி வந்தது.

நண்பன் மேல் வழக்குப் போட முடியாது. கதையில் ஒரு வரிகூட அவன் சொல்லவில்லை. ஆனாலும் படம் போச்சு.

இது எப்படி நடக்கிறது என்று பார்க்க, சினிமாவை விட்டுவிட்டுக் கொஞ்சம் டெலிபோன் பக்கம் போக வேண்டும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளாட் ஷானன், 1948-ல் தகவலை அளக்க ஒரு வழி சொன்னார். ஒரு செய்தி எவ்வளவு நீளம், எவ்வளவு முக்கியம் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை. அது கேட்பவரின் சந்தேகத்தை எவ்வளவு குறைக்கிறது, அதுதான் கணக்கு. சந்தேகம் பாதியாகக் குறைந்தால் ஒரு பிட். (பரீட்சைக்குக் கொண்டுபோகிற பிட் வேறு. ஆனால் வேலை என்னவோ கிட்டத்தட்ட ஒன்றுதான்.)

எட்டுப் பேரில் யார் வேண்டுமானாலும் கொலை செய்திருக்கலாம் என்றால், கொலையாளியின் பெயருக்கு 3 பிட் மதிப்பு. எட்டு நாலாகி, நாலு இரண்டாகி, இரண்டு ஒன்றாக வேண்டும். எட்டில் நாலு பேர் பெண்கள் என்று வையுங்கள். "கொலையாளி ஆண்" என்று யாராவது உளறினால் ஒரு பிட் போய்விடும். க்ளைமாக்ஸுக்கு இன்னும் இரண்டு மிச்சம். என் நண்பன் சொன்ன வாக்கியம் தாத்தாவின் மேல் எனக்கிருந்த சந்தேகத்தை எட்டில் ஒன்றிலிருந்து பத்தில் ஒன்பதுக்குத் தூக்கிவிட்டது. மூன்று பிட் தர வேண்டிய க்ளைமாக்ஸ், எனக்கு 0.15 பிட்தான் தந்தது. கொட்டாவிக்குக் காரணம் அதுதான்.

ஸ்பாய்லர் என்பது கதையின் ஏதோ ஒரு ரகசிய வரி என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த வரியைத் தவிர்த்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் பேசலாம் என்று ஒரு தைரியம். ஆனால் பார்ப்பவரின் மனதில் ஓடிக்கொண்டிருக்கும் வாய்ப்புக் கணக்கை எது அசைத்தாலும் அது ஸ்பாய்லர்தான். "செம ட்விஸ்ட் இருக்கு" என்பதும் அசைக்கும். யார் மேல் எல்லோருக்கும் முதலில் சந்தேகம் வருமோ அவர்களை எல்லாம் நாம் உடனே விடுதலை செய்துவிடுகிறோம். "கடைசி இருபது நிமிஷத்தைத் தவறவிடாதே" என்று கேட்டுவிட்டுப் போனவருக்கு, ஒன்றே கால் மணி நேரத்தில் ஒருவன் கைதாகும்போது அது பொய்க் கைது என்று தெரிந்துவிடும். கிரிக்கெட்டிலும் இதே கதைதான். பழைய இந்தியா மேட்ச் ஒன்றை டிவியில் மறுபடி போடுகிறார்கள் என்றாலே யார் ஜெயித்தது என்று பாதி தெரிந்துவிடுகிறது. தோற்ற மேட்ச்சை யார் மெனக்கெட்டுத் திரும்பப் போடுவார்கள்?

ஜெஃப்ரி ஈலி, அலெக்சாண்டர் ஃபிராங்கல், எமிர் காமெனிட்சா என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் 2015-ல் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். அவர்கள் கணக்கில் சர்ப்ரைஸ் என்பது, நம் எண்ணம் ஒரு நொடி முன்பு இருந்த இடத்திலிருந்து இப்போது எவ்வளவு தள்ளி வந்திருக்கிறது என்பது. சஸ்பென்ஸ் என்பது, அடுத்த நொடியில் அது எவ்வளவு தள்ளிப் போகக்கூடும் என்பது. ஒன்று நடந்து முடிந்த அசைவு, மற்றது நடக்கப் போகும் அசைவு. கடைசி ஓவரில் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் நாம் சோபா நுனிக்கு வருவது இரண்டாவது வகை.

இந்த வித்தியாசம் த்ரில்லர் பட இயக்குநர் ஹிட்ச்காக்குக்குக் கணக்குப் போடாமலே தெரிந்திருந்தது. மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது ரசிகனுக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் பதினைந்து நொடி அதிர்ச்சி. முன்பே தெரிந்தால் பதினைந்து நிமிஷம் பதைப்பு என்று அவர் ஒரு நேர்காணலில் விளக்கியிருக்கிறார். அதே மனிதர்தான் 1960-ல் 'சைக்கோ' வந்தபோது, படம் தொடங்கிய பிறகு யாரையும் தியேட்டருக்குள் விடக் கூடாது என்று கறார் காட்டியவர். முரண் மாதிரித் தெரியும். ஆனால் சில தகவல் சஸ்பென்ஸுக்கு விறகு, சில தகவல் அதற்குத் தண்ணீர். எது எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சரி, ஸ்பாய்லர் உண்மையிலேயே ரசனையைக் கெடுக்கிறதா? ஆராய்ச்சி முடிவுகள் இங்கே ஒன்றுக்கொன்று மல்லுக்கு நிற்கின்றன. 2011-ல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஜோனதன் லெவிட்டும் நிக்கலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் பன்னிரண்டு சிறுகதைகளை எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு வாசிக்கக் கொடுத்தார்கள். சிலருக்குக் கதைக்கு முன்னால் முடிவைச் சொல்லும் ஒரு பத்தி. முடிவு தெரிந்து படித்தவர்கள்தான் கதைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள், துப்பறியும் கதைகள் உட்பட. அடுத்து என்ன என்று மூளை திண்டாட வேண்டியதில்லை, வாசிப்பு சுலபமாக ஓடியது என்பது அவர்கள் முன்வைத்த ஒரு விளக்கம். பத்திரிகைகள் "ஸ்பாய்லர் நல்லது" என்று கொண்டாடின.

2015-ல் பெஞ்சமின் ஜான்சன், ஜூடித் ரோசன்பாம் இருவரும் அதே மாதிரி சோதனை செய்தார்கள். முடிவு நேர்மாறு. ஸ்பாய்லர் படித்தவர்களுக்குக் கதை அவ்வளவாகப் பிடிக்கவில்லை, விறுவிறுப்பும் குறைந்தது. என் அபிப்பிராயம், இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் யாரோ கையில் கொடுத்த நாலு பக்கக் கதைக்கும், நாம் மூன்று வருஷம் காத்திருந்து டிக்கெட் எடுத்த படத்துக்கும் நடுவில் ரொம்ப தூரம்.

நம் ஊர்க் கூத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கர்ண மோட்சம் ஆடும் ராத்திரியில், கர்ணன் சாகப் போவது கூட்டத்தில் இருக்கும் கைக்குழந்தை தவிர எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடியற்காலையில் கண்ணைத் துடைத்துக்கொள்ளாத ஆள் இல்லை. இதற்கு அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் கெர்ரிக் 1989-ல் ஒரு சோதனை செய்தார். எல்லோருக்கும் தெரிந்த வரலாற்று உண்மைகளை, அது நடக்குமோ நடக்காதோ என்று தோன்றும்படி எழுதி வாசிக்கக் கொடுத்தார். பிறகு அந்த உண்மையை நேராகச் சொல்லிச் சரியா தப்பா என்று கேட்டால், வாசகர்கள் சரி என்று சொல்ல வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டார்கள். கதைக்குள் இறங்கிவிட்டால் தெரிந்ததைக்கூட மனசு கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுகிறது. கர்ணன் ஒருவேளை இன்றைக்குப் பிழைத்துக்கொள்வானோ என்று ஒரு நப்பாசை.

ஆனால் தாத்தாவுக்கு இது பலிக்காது. கூத்தில் முடிவு எல்லோருக்கும் தெரியும் என்று கலைஞருக்கே தெரியும். எப்படி நடக்கிறது என்பதில்தான் அவர் முழுப் பலத்தையும் வைத்திருப்பார். நான் பார்த்த தாத்தா படத்தில் 'யார்' என்ற ஒரே ஆணியில்தான் மொத்தச் சட்டையும் தொங்கியது.

நண்பனுக்கு ஏன் தான் உளறுகிறோம் என்று உறைக்கவில்லை? பள்ளிக்கூடத்தில் பெஞ்சைத் தட்டிப் பாட்டைக் கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டு ஆடியிருப்பீர்கள். 1990-ல் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் நியூட்டன் அதையே ஆராய்ச்சியாகச் செய்தார். எல்லோருக்கும் தெரிந்த பாட்டுகளைச் சிலர் மேஜையில் தட்ட, எதிரில் இருப்பவர் பாட்டைச் சொல்ல வேண்டும். பாதிப் பாட்டையாவது சொல்லிவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுக்கு மூன்றுதான் சரியாக வந்தது. தட்டுகிறவர் காதில் மெட்டு, வயலின், கோரஸ் எல்லாம் ஓடுகிறது. எதிரில் இருப்பவருக்கு டொக் டொக்.

தெரிந்துகொண்ட பிறகு, தெரியாத நிலைக்குத் திரும்பி உட்கார முடியாது. தட்டியவர் தன் டொக் டொக்கில் நிறைய இருக்கிறது என்று நினைத்தார். படம் பார்த்துவிட்டுப் பேசுகிறவரோ தன் வாக்கியத்தில் ஒன்றுமே இல்லை என்று நினைக்கிறார். எதிரில் இருப்பவர் காதில் என்ன விழுகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

எழுத்தில் பகிரும்போது இன்னொரு தொல்லை. கண்ணில் பட்ட தாய்மொழிச் சொல்லை வாசிக்காமல் இருக்க நம்மால் முடியாது. பச்சை மையில் 'சிவப்பு' என்று எழுதி, மையின் நிறத்தைச் சொல் என்றால் நாக்கு தடுமாறும். அமெரிக்க உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-ல் காட்டியது. அதனால் "ஸ்பாய்லர் எச்சரிக்கை" என்று போட்டுவிட்டு அடுத்த வரியிலேயே விஷயத்தை எழுதுவது, நாய் ஜாக்கிரதை போர்டை நாய் கழுத்திலேயே மாட்டுவது போல.

இணையத்தின் ஆரம்ப காலத்து ஆட்கள் இதைப் புரிந்துகொண்டார்கள். 1980-களிலேயே யூஸ்நெட் என்ற கணினி விவாதக் குழுக்களில் ராட்-13 என்று ஒரு தந்திரம் புழங்கியது. ஆங்கிலத்தின் 26 எழுத்தில் ஒவ்வொன்றையும் பதின்மூன்று இடம் தள்ளி எழுதுவது. சரிபாதி தள்ளுவதால், இன்னொரு முறை தள்ளினால் பழையபடி வந்துவிடும். பூட்டுவதற்கும் திறப்பதற்கும் ஒரே சாவி. படிக்க வேண்டுமென்றால் நாமாகக் கைவைத்துத் திறக்க வேண்டும். இன்றைக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலியில் இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு போட்டு மறைப்பதும் அதே யோசனைதான்.

ராட்-13 தமிழ் எழுத்தைத் தொடாது. நமக்கு ஒன்று செய்து பார்த்தேன். பதினெட்டு மெய், பாதி ஒன்பது. க-வுக்கு ம, ச-வுக்கு ர, த-வுக்கு ள, ப-வுக்கு ன என்று ஒன்பது இடம் தள்ளி, உயிர்க்குறிகளை அப்படியே விட்டேன். 'தாத்தா' என்பது 'ளாள்ளா' ஆகிறது. பிரமாதம், சின்ன வயதில் பேசிய க-பாஷைக்குத் தம்பி மாதிரி இருக்கிறது. அப்புறம் 'அம்மா' என்று போட்டேன். 'அக்கா' என்று வந்தது. அதாவது, கொலை செய்தது அம்மா என்பதை மறைத்து எழுதினால் பழி அக்கா மேல் விழும். திட்டத்தைக் கைவிட்டுவிட்டேன்.

கறுப்புப் பட்டை போட்டு மறைத்தாலும் கசியும். சந்தேகப் பட்டியலில் 'குரு'வும் 'மகாலட்சுமி'யும் இருந்தால், பட்டையின் நீளமே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும்.

இந்தக் கசிவை ஒழுங்காக அடைத்தவர்கள் கேம் உலகத்தினர்தான். புதிர் விளையாட்டில் ஸ்பாய்லரே சில சமயம் தேவையாகிவிடும். பூட்டிய கதவுக்கு முன்னால் மூன்று நாள் நின்றால் யாரிடமாவது கேட்டுத்தானே ஆக வேண்டும்? எழுத்தை மட்டும் வைத்து விளையாட்டுகள் செய்த இன்ஃபோகாம் என்ற அமெரிக்க நிறுவனம், 1980-களின் ஆரம்பத்தில் குறிப்புப் புத்தகங்களை விற்றது. கேள்விகள் கண்ணுக்குத் தெரியும், பதில்கள் கண்ணுக்குத் தெரியாத மையில். கூட வரும் பேனாவால் தேய்த்தால்தான் ஒவ்வொரு வரியாகத் தெரியும்: முதலில் லேசான ஜாடை, அப்புறம் கொஞ்சம் அழுத்தம், கடைசியில் முழு விடை. இதில் என்னை மிகவும் கவர்ந்தது வேறு. விளையாட்டில் இல்லவே இல்லாத பொருள்களைப் பற்றியும் நடுநடுவே கேள்விகளைச் செருகி வைத்திருந்தார்கள். 'டிராகனை எப்படிக் கொல்வது?' என்ற கேள்வியைப் பார்த்ததுமே உள்ளே டிராகன் இருக்கிறது என்று தெரிந்துவிடும் அல்லவா? பொய்க் கேள்விகளும் கலந்திருந்தால் அந்த ஊகத்துக்கு வழியில்லை.

காமிக்ஸில் காவல் வேலையைக் காகிதம் செய்கிறது. விரித்த புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒரே பார்வையில் விழும். முதல் கட்டத்தைப் படிக்கும்போதே வலது மூலையில் யாரோ விழுந்து கிடப்பதைக் கண் மோப்பம் பிடித்துவிடும். அதனால் விவரம் தெரிந்த ஓவியர்கள் அதிர்ச்சிக் கட்டத்தைப் பக்கம் திருப்பியதும் வரும் இடத்தில் வைப்பார்கள். வாசகரின் கட்டைவிரல்தான் திரைச்சீலை. அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி "ஆஹா, என்ன ஓவியம்!" என்று பகிர்கிறவர், ஓவியரின் உழைப்பைப் பாராட்டிக்கொண்டே அதைக் காலி செய்கிறார்.

அப்போ எதைத்தான் சொல்வது? பழைய பாட்டுப் புத்தகங்களில் கதைச் சுருக்கம் இருக்கும். நாயகனுக்குச் சிக்கல் வரும் வரைக்கும் சொல்லிவிட்டு, இருவரும் சேர்ந்தார்களா, வில்லன் என்ன ஆனான் என்று நாலு கேள்வியை அடுக்கி, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடிப்பார்கள். முதல் அரை மணி நேரக் கதையில் சந்தேகம் குறைவு. அதைச் சொல்வதால் பெரிதாக எதுவும் போகாது. அதோடு, டிக்கெட் எடுக்கலாமா என்று முடிவு செய்ய வேறு தகவல்கள்தான் உதவும்: படம் எவ்வளவு நீளம், ரத்தம் எவ்வளவு, குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா, கேம் என்றால் பழைய கம்ப்யூட்டரில் ஓடுமா, காமிக்ஸ் என்றால் மொழிபெயர்ப்பு சரளமா. இவை எதுவும் எட்டுப் பேர் கணக்கைத் தொடாது.

இதையெல்லாம் கரைத்துக் குடித்த தைரியத்தில், போன மாதம் அக்கா மகள் அதே தாத்தா படத்தைப் பற்றிக் கேட்டபோது நிதானமாகப் பதில் சொன்னேன். மழைச் சத்தத்தைப் பதிவு செய்த விதம் அபாரம், இரண்டாம் பாதி கொஞ்சம் இழுக்கும், மருமகளாக வந்தவரும் டிரைவராக வந்தவரும் நன்றாகச் செய்திருந்தார்கள், அந்த டாக்டர் மட்டும் ஓவர். ஒவ்வொருவராக ஏழு பேரையும் சொல்லிவிட்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

அவள் போனில் போஸ்டரைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவு பெரிய நடிகர் தாத்தாவா நடிச்சிருக்கார், அவரைப் பத்தி நீ ஒண்ணுமே சொல்லலையே மாமா?"