கதவடைப்பு முடிந்த வாரமும் குதிகால் நாணும்: பிலடெல்பியாவின் 2011ஆம் ஆண்டுத் திட்டம் குறித்து ஓர் இயன்முறை மருத்துவரின் பார்வை

நீண்ட இடைவெளிக்குப் பிறகு ஒரே நாளில் முழு வேகத்தில் ஆடுகளம் இறங்கி, ஆடுசதையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் குதிகால் நாண் அறுந்து என்னிடம் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை." அவரைக் குப்புறப் படுக்க வைத்து, பாதம் மேசை விளிம்புக்கு வெளியே தொங்கும்படி விட்டு, ஆடுசதையைக் கையால் அழுத்துவேன். நாண் நன்றாக இருந்தால் பாதம் தானாகக் கீழ்நோக்கி அசையும். அறுந்திருந்தால் அது அப்படியே தொங்கிக் கொண்டிருக்கும். அசையாத அந்தப் பாதத்தைப் பார்க்கும்போது, விபத்து நேற்று ஆட்டத்தில் நடந்ததல்ல, ஓய்வு மாதங்களிலேயே அதற்கான வேலை தொடங்கிவிட்டது என்பது எனக்குத் தெரியும்.

இதை முழு அளவில் காட்டிய நிகழ்வு, அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அமைப்பான என்.எஃப்.எல்.லில் 2011ஆம் ஆண்டு நடந்த கதவடைப்பு. வருவாயைப் பங்கிடுவதில் அணி உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் உடன்பாடு ஏற்படாததால், மார்ச் 12 அன்று உரிமையாளர்கள் கதவை அடைத்தார்கள். ஜூலை 25 அன்றுதான் புதிய கூட்டு ஒப்பந்தத்துக்கு வழி பிறந்தது. இடைப்பட்ட நான்கரை மாதங்கள் வீரர்கள் அணியின் பயிற்சிக் கூடத்துக்குள் கால்வைக்க முடியவில்லை. பயிற்சியாளர்களுடனோ அணி மருத்துவர்களுடனோ தொடர்பு கொள்ளவும் அனுமதி இல்லை. ஒப்பந்தம் முடிந்த வீரர்களை அணிகள் சேர்த்துக்கொள்ளும் சந்தை, வழக்கமாக மார்ச் மாதத்தில் தொடங்கி நிதானமாக நடக்கும்; அந்த ஆண்டு அது ஜூலை கடைசியில் சில நாட்களுக்குள் சுருங்கியது. ஜூலை 26 முதல் பேச்சு நடத்தலாம், 29 மாலை முதல் கையெழுத்திடலாம், ஆனால் அப்படிக் கையெழுத்திட்ட வீரர்கள் ஆகஸ்ட் 4 வரை பயிற்சியில் இறங்கக் கூடாது என்பது ஏற்பாடு. சந்தைக்கு வந்த வீரர்களின் எண்ணிக்கையும் மிக அதிகம். 2010 பருவத்தில், ஒப்பந்தம் முடிந்த வீரர் தடையின்றி வேறு அணிக்குப் போக ஆறு பருவங்கள் ஆடியிருக்க வேண்டும் என்றிருந்த விதி மீண்டும் நான்கு பருவங்களாகக் குறைந்ததால், இரண்டு ஆண்டுகளில் வர வேண்டியவர்கள் ஒன்றாக வந்து நின்றார்கள். ஒவ்வோர் அணியின் சம்பள உச்சவரம்பும் 12 கோடியே 3 லட்சத்து 75 ஆயிரம் டாலர் என்று நிர்ணயிக்கப்பட்டது.

இந்தச் சந்தையில் மிகத் துணிச்சலாக இறங்கிய அணி பிலடெல்பியா ஈகிள்ஸ். ஓக்லண்டு அணியிலிருந்து வந்த கார்னர்பேக் (எதிரணியின் பந்து பிடிக்கும் வீரரைத் தடுப்பவர்) நாம்டி அசோமுகாவுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 6 கோடி டாலர். அதில் இரண்டரைக் கோடி உறுதித் தொகை. தற்காப்பு வரிசைக்கு ஜேசன் பேபினும், அதற்கு முந்தைய பருவத்தில் கிரீன் பே அணியுடன் கோப்பை வென்ற கல்லன் ஜென்கின்ஸும் வந்தார்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் கெவின் கோல்பை அரிசோனாவுக்குக் கொடுத்து, மாற்றாக டாமினிக் ராட்ஜர்ஸ்-கிரொமார்ட்டியையும் ஒரு டிராஃப்ட் தேர்வையும் (கல்லூரியிலிருந்து வரும் புதிய வீரர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) பெற்றார்கள். மாற்று குவார்ட்டர்பேக்காக வந்து சேர்ந்த வின்ஸ் யங், இந்த அணியைக் கனவு அணி என்று சொல்ல, அந்தப் பெயர் பருவம் முழுக்க ஒட்டிக்கொண்டது. தாளில் பார்த்தால் அது மிகச் சிறந்த திட்டம். ஆனால் அந்தத் திட்டத்தில் பணத்துக்கும் இடத்துக்கும் கணக்கு இருந்த அளவுக்கு, நான்கரை மாதங்கள் யார் கண்ணிலும் படாமல் இருந்த உடல்களுக்கும், ஒன்றாக ஆடிப் பழகாத நாட்களுக்கும் கணக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

உடலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த ஆண்டுப் பயிற்சி முகாம்கள் தொடங்கிய முதல் 12 நாட்களிலேயே என்.எஃப்.எல். முழுவதிலும் 10 வீரர்களுக்குக் குதிகால் நாண் காயமடைந்தது; அடுத்த 17 நாட்களில் மேலும் இருவர். 1997 முதல் 2002 வரையிலான பருவங்களை ஆராய்ந்த ஒரு பழைய ஆய்வில் மொத்தமே 31 வீரர்கள்தான் பதிவாகியிருந்தார்கள் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அளவு புரியும். அந்த 31 பேரில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பிறகு அந்த அளவிலான ஆட்டத்துக்குத் திரும்பவே இல்லை. கதவடைப்புக் காலத்தில் வீரர்கள் சும்மா இருந்தார்கள் என்று இதற்குப் பொருளல்ல. பலர் சொந்தச் செலவில் பயிற்சி எடுத்தார்கள், சில அணிகளின் வீரர்கள் தாங்களாகவே பள்ளி மைதானங்களில் கூடி ஓடினார்கள். ஆனால் தனியாக ஓடுவதும் எடை தூக்குவதும் வேறு. எதிரே ஒருவன் பாயும்போது திடீரென்று நின்று, திரும்பி, மறுபடி உந்தி எழுவது வேறு. தசை சில வாரங்களில் பழைய பலத்துக்கு வந்துவிடும். நாணுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அது மெல்லத்தான் இறுகும், பல மாதங்கள் எடுக்கும். ஆகவே, வலுவான தசை இன்னும் தயாராகாத நாணை இழுக்கும் ஒரு காலம் இடையில் வருகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வலி எதுவும் முன்னறிவிப்பாக வராததால் வீரருக்கே அது தெரியாது.

பிலடெல்பியா வாங்கியவர்களுக்கு நாண் அறுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அந்த அணியின் திட்டத்தில் உடல் சார்ந்த கேள்வி தெளிவாகத் தெரிந்தது வேறொருவரிடம்: பந்தைப் பிடிக்கும் வீரரான ஸ்டீவ் ஸ்மித். 2009 பருவத்தில் நியூயார்க் ஜயன்ட்ஸுக்காக 107 பந்துகளைப் பிடித்தவர் அவர். 2010 டிசம்பரில் முழங்காலின் குருத்தெலும்பு சேதமடைந்து, மைக்ரோஃபிராக்சர் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். குருத்தெலும்பு தேய்ந்துபோன இடத்தில் எலும்பில் நுண்ணிய துளைகள் இட்டு, அங்கே கசியும் இரத்தத்திலிருந்து புதிய திசு வளர வழிசெய்யும் முறை அது. வளரும் திசு பழைய குருத்தெலும்பைப் போல வழவழப்பாகவோ உறுதியாகவோ இருப்பதில்லை. பல வாரங்கள் அந்தக் காலில் எடை வைக்கக் கூடாது; அதன் பிறகு ஒவ்வொரு படியாக, கண்காணிப்பில், சுமையைக் கூட்ட வேண்டும். மார்ச் தொடங்கி ஜூலை வரை, அதாவது சிகிச்சையின் மிக முக்கியமான மாதங்களில், அவரை நன்கு அறிந்த அணி மருத்துவர்கள் அவரோடு பேசவே முடியாத நிலை இருந்தது. ஆகஸ்டில் அவர் ஓராண்டு ஒப்பந்தத்தில் பிலடெல்பியா போனார். அங்கே 9 ஆட்டங்களில் 11 பந்துகள் மட்டுமே பிடித்தார். இதில் அந்த வீரரின் குறை எதுவுமில்லை. ஆறவேண்டிய காலத்தை முழங்கால் கேட்டது. சந்தை அதைக் கொடுக்கவில்லை.

பழகாத நாட்களின் விலையும் சிறியதல்ல. பல ஆண்டுகள் தாக்குதல் வரிசைக்குப் பயிற்சி தந்த வான் காஸ்டிலோவைத் தலைமைப் பயிற்சியாளர் ஆண்டி ரீட் அந்தப் பிப்ரவரியில்தான் தற்காப்புப் பொறுப்பாளராக்கியிருந்தார். அவர் தன் வீரர்களோடு உட்கார்ந்து பேசுவதற்குள் கதவு அடைபட்டுவிட்டது. ஓக்லண்டில் எதிராளியை நெருங்கி நின்று தனியொருவராகக் காத்துப் பழகிய அசோமுகா, இங்கே பெரும்பாலும் பரப்பைப் பகுதி பிரித்துக் காக்கும் முறைக்குள் தள்ளப்பட்டார். சான்பிரான்சிஸ்கோவுக்கு எதிராக 23-3 என்று முன்னிலையில் இருந்து 24-23 என்று தோற்றது உட்பட, முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கை அணி இழந்தது. பருவ முடிவில் 8 வெற்றி, 8 தோல்வி. நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால், வாங்கியவை எல்லாம் வீண் அல்ல. பேபின் மட்டும் அந்தப் பருவத்தில் 18 முறை எதிரணி குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார். ஒரே வேலையை நேராகச் செய்யச் சொன்ன இடத்தில் புதியவர் உடனே பயன்பட்டார். மற்றவரோடு கண்ணசைவில் பேசிக்கொள்ள வேண்டிய இடத்தில் நாள் போதவில்லை.

ஸ்மித்தை விட்டுக்கொடுத்த ஜயன்ட்ஸ் அந்த இடத்துக்குப் பெரிய பெயர் யாரையும் வாங்கவில்லை. டிராஃப்டில் எந்த அணியும் தேர்ந்தெடுக்காத விக்டர் குரூஸ் அவர்களிடமே இருந்தார். செப்டம்பர் 25 அன்று பிலடெல்பியாவின் மைதானத்திலேயே அவர் 74 கெஜத்துக்கு ஒன்று, 28 கெஜத்துக்கு ஒன்று என இரண்டு டச்டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்த்துப் பெறும் புள்ளி) அடித்தார். இரண்டாவதை அசோமுகாவை மீறி உயர எழும்பிப் பிடித்தார். பருவ முடிவில், பந்தைப் பிடித்து அணியை முன்னேற்றிய தூரத்தில் குரூஸின் கணக்கு 1,536 கெஜம். ஜயன்ட்ஸுக்கும் முகாம் காலத்தில் காயங்கள் குறைவில்லை. தற்காப்பு வீரர் டெரல் தாமஸின் முழங்கால் பிணைநார் (எலும்புகளை இணைக்கும் நார்) ஆகஸ்டிலேயே அறுந்தது. இருந்தும் 9-7 என்ற சாதாரணக் கணக்கோடு முன்னேறி, 2012 பிப்ரவரி 5 அன்று 21-17 என்று நியூ இங்கிலாந்தை வென்று கோப்பையை எடுத்தது அந்த அணிதான்.

என்னிடம் ஆலோசனை கேட்கும் சிறிய அணிகளுக்கும் தனி வீரர்களுக்கும் நான் சொல்வது இந்த ஆண்டிலிருந்து எடுத்ததே. இடைவெளி விட்டு வருபவரை ஒப்பந்தம் செய்யும் முன், கடைசியாக எப்போது முழு வேகத்தில் திசை மாற்றி ஓடினார் என்று கேளுங்கள். எவ்வளவு எடை தூக்கினார் என்பது அடுத்த கேள்வி. சுவரில் விரல்நுனியை மட்டும் வைத்துக்கொண்டு, முழங்காலை மடக்காமல், ஒற்றைக் காலில் குதிகாலை உயர்த்தி இறக்கச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருப்பவர் 25 முறை சீராகச் செய்வார். பத்தாவது முறையிலேயே ஒரு பக்கம் குதிகாலின் உயரம் குறைந்தால் அவரை வேண்டாம் என்று சொல்ல அவசியமில்லை, அவருக்கு ஆறு வாரம் கூடுதலாக எழுதிக்கொள்ள வேண்டும். அறுவை சிகிச்சை நடந்திருந்தால், சிகிச்சை செய்தவரின் குறிப்புகளைக் கேட்டு வாங்குங்கள்; வீரரின் வாய்மொழி மட்டும் போதாது, அவர் பொய் சொல்வதால் அல்ல, வேலை கிடைக்க வேண்டும் என்ற தவிப்பில் வலி அவருக்கே சிறிதாகத் தெரிவதால்.

2020இல் கொரோனாத் தொற்றால் மீண்டும் கூடங்கள் மூடியபோது, என்.எஃப்.எல்.லும் வீரர்கள் சங்கமும் பேசி, முகாமின் தொடக்கக் கட்டத்தில் எட்டு நாட்களை உடல் தயாரிப்புக்கென்றே ஒதுக்கின; முன்பருவ ஆட்டங்கள் முழுவதும் ரத்தாயின; காப்புக்கவசம் அணிந்த முதல் பயிற்சி ஆகஸ்ட் 17 அன்றுதான் நடந்தது. பேச்சுவார்த்தை மேசையில் பணத்தோடு நாட்களையும் கேட்டு வாங்கியிருந்தார்கள்.