சத்தம் போதவில்லை என்று டாங்கிள் வாங்க வருகிறவர்களுக்கு

"அண்ணா, சத்தம் பத்தல. பவர் ஜாஸ்தி இருக்கிற டாங்கிளாப் பார்த்துக் குடுங்க." பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஆடியோ சாமான் விற்று, பழுதும் பார்க்கிற கவுண்டர்களில் சனிக்கிழமை நின்று பாருங்கள், இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பீர்கள். (போன், லேப்டாப்பின் யூஎஸ்பி துளையில் செருகி, அதில் இயர்போனை மாட்டுகிற சின்ன சாதனம்தான் டாங்கிள்.) போன வாரம் இதன் அடுத்த கட்டத்தோடு ஒரு பையன் வந்தான். டாங்கிளைப் போனில் செருகி, இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டே பாட்டைப் போட்டிருக்கிறான். முழு வால்யூம். அன்றிலிருந்து வலது காதில் 'கொய்ய்' என்று ரீங்காரம். டாங்கிள் பழுதா என்று பார்த்துச் சொல்லச் சொல்கிறான்! டாங்கிளில் ஒரு குறையும் இல்லை. முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் போய்ப் பாருப்பா என்று அனுப்பி வைக்க வேண்டியதாயிற்று.

பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் மில்லிவாட் எண்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. 60 மில்லிவாட்டை விட 120 மில்லிவாட் இரண்டு மடங்கு சத்தம் தரும் என்று நினைப்பு. தராது. பவர் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல். போனில் வால்யூம் பட்டனை ஓரிரு தடவை அமுக்கினால் கூடுகிற அளவுதான் அது. காதுக்கு 'இரண்டு மடங்கு' என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு பவர் வேண்டும். ஆக, ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து 60-லிருந்து 120-க்குப் போனவருக்குக் கையில் கிடைப்பது அந்த 3 டெசிபல்தான். கவுண்டரில் இதைச் சொன்னால், 'விலை கூடின சாமானை விற்க இவருக்கு இஷ்டமில்லை போல' என்பது மாதிரி ஒரு பார்வை வரும்.

இயர்போன் பக்கத்துக் கணக்கையும் பாருங்கள். 16 ஓம் இம்பீடன்ஸ் (மின்தடை), ஒரு மில்லிவாட்டுக்கு 110 டெசிபல் சென்சிட்டிவிட்டி (கொடுக்கிற பவருக்கு எவ்வளவு சத்தம் என்கிற கணக்கு) உள்ள இன்-இயர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 டெசிபலுக்குப் பாட்டுக் கேட்க ஒரு மில்லிவாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு போதும். வோல்ட்டில் சொன்னால் 4 மில்லிவோல்ட். சின்ன டாங்கிள்கூட 1 வோல்ட் வரை தரும். அது தேவையைப் போல 250 மடங்கு. டாங்கிள் அந்த 1 வோல்ட்டையும் முழுதாகத் தள்ளினால் கணக்குப்படி 128 டெசிபல். பையனின் காதுக்குள் போனது இந்த வகைச் சத்தம்தான்.

பவர் யாருக்கு வேண்டும்? 250, 300 ஓம் பெரிய ஹெட்போன் வைத்திருப்பவர்களுக்கு, சென்சிட்டிவிட்டி குறைந்த பிளானர் (தட்டையான மெல்லிய படலம் அதிர்ந்து ஒலிக்கும்) வகை வைத்திருப்பவர்களுக்கு. 300 ஓமில் 1 வோல்ட் கொடுத்தால் ஓடுவது வெறும் 3.3 மில்லிவாட். தாழ்ந்த அளவில் பதிவான கர்நாடகக் கச்சேரி ஒன்றை அதில் கேட்டால் சத்தம் மெலிந்துதான் இருக்கும்; அங்கே 2 வோல்ட், 4 வோல்ட் தருகிற டாங்கிளுக்கு வேலை இருக்கிறது. மற்றபடி டாங்கிள் வாங்குவது போனில் 3.5 மி.மீ. ஜாக் இல்லை என்பதற்காகவும், லேப்டாப் ஜாக்கில் வரும் இரைச்சலைத் தவிர்ப்பதற்காகவும்தான். ப்ளூடூத் இயர்பட்ஸுக்கு டாங்கிளால் எந்தப் பயனும் இல்லை. இதையும் கேட்கிறார்கள், அதனால் எழுத வேண்டியிருக்கிறது.

சரி, சத்தம் உண்மையிலேயே குறைவாகக் கேட்கிறது என்றால்? முதலில் இயர்போனின் குழாய் வாயில் இருக்கும் வலையைப் பாருங்கள். காது அழுக்கு அடைத்திருந்தால் ஒரு பக்கம் மெலியும். அடுத்து ரப்பர் முனை. சைஸ் பொருந்தாமல் காற்று புகுந்தால் அடிநாதம் முழுக்கக் காணாமல் போகும். அதை ஈடுகட்டத்தான் வால்யூமை ஏற்றுகிறீர்கள். பெட்டியில் சும்மா கிடக்கும் மற்ற இரண்டு சைஸையும் போட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் ஃபோம் முனை வாங்குங்கள். சில்க் போர்டு நெரிசலில் பஸ்ஸுக்குள் உட்கார்ந்து கேட்பவர்களுக்கு இந்த முனை செய்கிற உதவியை எந்த ஆம்பும் (ஆம்ப்ளிஃபையரும்) செய்யாது. வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் ஏற்ற வேண்டிய அவசியமே வராது. (வண்டி ஓட்டிக்கொண்டு கேட்பவர்களுக்கு இங்கே ஆலோசனை எதுவும் கிடையாது. கழற்றி வையுங்கள்.)

ஆப்பிள் டாங்கிளை ஆண்ட்ராய்டு போனில் போட்டுவிட்டு 'ஒரிஜினல் இல்லை போல' என்று திட்டுபவர்கள் தனி ரகம். அந்த டாங்கிளுக்குள் தனியாக ஒரு வால்யூம் இருக்கிறது. பல ஆண்ட்ராய்டு போன்கள் அதை முழு அளவுக்கு ஏற்றாமல் விட்டுவிடுகின்றன. அதனால் ஐபேடில் கணீரென்று கேட்பது போனில் பாதியாகக் கேட்கும். சாமான் சரியாகவே இருக்கிறது.

இந்த இரட்டை வால்யூம்தான் ஆபத்தும். ஆண்ட்ராய்டு வழக்கமாக எல்லாச் செயலிகளின் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து, பெரும்பாலும் 48 கிலோஹெர்ட்ஸுக்கு (நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) மாற்றி, டாங்கிளுக்கு அனுப்பும். இது பிடிக்காதவர்கள் யூஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ போன்ற செயலியில் 'பிட்-பெர்ஃபெக்ட்' முறையைப் போடுகிறார்கள். ஆண்ட்ராய்டு 14-லிருந்து சிஸ்டத்திலேயே இதற்கு வழி உண்டு. போனும் செயலியும் ஒத்துழைக்க வேண்டும். இந்த முறையில் பாட்டுக் கோப்பு ஒரு எண்கூட மாறாமல் போகிறது. வால்யூமைக் குறைப்பதும் எண்ணை மாற்றுவதுதானே? ஆகவே போனின் வால்யூம் அங்கே செல்லாது. டாங்கிளுக்குள் வால்யூம் இருந்தால் அதைச் செயலி பிடித்துக்கொள்ளும். இல்லாவிட்டால் திறந்துவிட்ட மதகுதான். செயலி எச்சரிக்கை காட்டத்தான் செய்கிறது. படிக்காமல் 'ஓகே' அமுக்குவது நாம். விண்டோஸில் ஒரே செயலி டாங்கிளைத் தன் வசம் எடுத்துக்கொள்ளும் 'எக்ஸ்க்ளூசிவ் மோடு' போட்டாலும் இதே கதை நடக்கலாம். சிடி அளவான 44.1 கிலோஹெர்ட்ஸை 48 ஆக்கினால் வரும் வித்தியாசத்தை பஸ்ஸில் கேட்டுவிடுவேன் என்று சொல்பவரோடு சண்டைக்கு வரவில்லை. ஆனால் அதற்குக் காதை விலையாகக் கொடுக்காதீர்கள்.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. டாங்கிளைச் செருகுங்கள், இயர்போன் மேஜை மேலேயே கிடக்கட்டும். டாங்கிளில் 'கெயின்' (சத்தத்தைப் பெருக்கும் அளவு) சுவிட்ச் இருந்தால் 'லோ'வில் வையுங்கள். போன் வால்யூமைக் கீழே இறக்கி, பாட்டைப் போட்டு, இயர்போனைக் கையில் பிடித்துக் கேளுங்கள். கையில் வைத்தே தெளிவாகக் கேட்டால் காதுக்கு அது அதிகம். வால்யூமை இரண்டு படி ஏற்றி இறக்கி, சத்தம் மாறுகிறதா என்று பார்த்த பிறகே மாட்டுங்கள். புதுப் போன், புதுச் செயலி, சாஃப்ட்வேர் அப்டேட், எது வந்தாலும் மறுபடி முதலிலிருந்து. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 89 டெசிபல் என்றால் வாரத்துக்கே 5 மணி, 98 என்றால் 40 நிமிடம்கூட இல்லை. திடீர்ச் சத்தத்துக்குப் பிறகு காது அடைத்த மாதிரியோ ரீங்காரமோ ஒரு நாளைத் தாண்டி இருந்தால், தயவுசெய்து, 'தானா சரியாயிடும்' என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி, வேலையே செய்யவில்லை என்கிற புகார்கள். தெருவில் 150 ரூபாய்க்கு விற்கிற டைப் சி அடாப்டர்களில் ஒரு ரகத்துக்குள் வெறும் கம்பிதான் இருக்கும். போனே டைப் சி வழியாக அனலாக் சத்தம் அனுப்பினால்தான் அது பேசும். சாம்சங், பிக்சல் போன்களில் பேசாது. 'போன் ரிப்பேர்' என்று பயந்துகொண்டு வராதீர்கள். டேக் (டிஜிட்டலை அனலாக் சத்தமாக்கும்) சிப் உள்ள அடாப்டர் என்று கேட்டு வாங்குங்கள். நல்ல டாங்கிளும் உயிர் பெறவில்லையா? ஓப்போ, விவோ, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் பலவற்றில் ஓடிஜி (போனில் வெளிச் சாதனத்தைச் செருகிப் பயன்படுத்தும் வசதி) தானாக ஆனில் இருக்காது. செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஓடிஜி' என்று தேடி ஆன் செய்ய வேண்டும். பத்து நிமிடம் சும்மா இருந்தால் அது தானே அணைந்தும் விடும். போன் டாங்கிளைக் கண்டுகொண்டும் சத்தம் ஸ்பீக்கரிலேயே வந்தால், டெவலப்பர் ஆப்ஷனில் யூஎஸ்பி ஆடியோ ரூட்டிங்கைத் தடுக்கும் சுவிட்சை யாரோ போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஐபோன் 15 முதல் டைப் சி என்பதால் நேராகச் செருகலாம். அதற்கு முந்தையவற்றுக்கு ஆப்பிளின் கேமரா அடாப்டரோ, லைட்னிங் ஓடிஜி கேபிளோ வேண்டும். சார்ஜ் கேபிளைத் திருப்பிப் போட்டால் ஓடாது. 'அதிக பவர் கேட்கிறது' என்று போன் மறுத்தால், சார்ஜர் செருகும் துளையும் உள்ள கேமரா அடாப்டர்தான் தீர்வு.

ஆபீஸ் மீட்டிங்கில் 'உங்க குரல் வரலை' என்கிறார்களா? பல டாங்கிள்கள் மைக் இருப்பதாகவே லேப்டாப்பிடம் சொல்லும். நீங்கள் மாட்டியிருப்பதோ மைக் இல்லாத, பின்னில் மூன்று உலோகப் பகுதி மட்டும் உள்ள ஹெட்போன். லேப்டாப் டாங்கிளின் மைக்கை எடுத்துக்கொண்டு மௌனத்தை அனுப்பிக்கொண்டிருக்கும். டீம்ஸிலோ ஜூமிலோ ஸ்பீக்கருக்கு டாங்கிள், மைக்குக்கு லேப்டாப் என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுங்கள். முடிந்தது.

இரைச்சலுக்கு வருவோம். இயர்போனில் 'டிர்ர்' என்று விட்டுவிட்டு வந்தால் ஏரோபிளேன் மோடு போடுங்கள். நின்றால் அது போனின் ரேடியோ அலை. சிக்னல் குறைந்த இடத்தில் போன் கூடுதல் பலத்தோடு அலையை வீசும். பர்ப்பிள் லைனில் கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை பூமிக்கு அடியில் போகும்போது கவனித்துப் பாருங்கள். டாங்கிளைப் போனோடு ஒட்டி வைக்காமல் கேபிள் நீளத்துக்குத் தள்ளி வைத்தால் பெரும்பாலும் குறையும். லேப்டாப் டாங்கிளிலிருந்து கரண்டில் ஓடும் ஸ்பீக்கருக்கு வயர் போட்டு 'ஹம்' கேட்டால், லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள். நின்றால் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு சாதனத்தின் எர்த் வழியாகவும் சுற்றுகிற மின்னோட்டம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் போடுங்கள்; அப்படியும் போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர் ஒன்று வாங்குங்கள். லேப்டாப்பின் மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்து 'சரி' செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தக் கடைக்கு மறுபடி போகாதீர்கள்.

எல்லாவற்றிலும் ஆத்திரம் வருவது 4.4 மி.மீ. விஷயத்தில்தான். 4.4 பின் உள்ள ஹெட்போனை 3.5 ஜாக்கில் போட அடாப்டர் உண்டு, அதில் ஆபத்தில்லை. தலைகீழாக, டாங்கிளின் 4.4 பேலன்ஸ்டு (இடது, வலது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி பிளஸ், மைனஸ் உள்ள) துளையில் சாதாரண 3.5 ஹெட்போனைப் போடவும் அடாப்டர் விற்கிறார்கள். பேலன்ஸ்டில் இடது மைனஸ், வலது மைனஸ் இரண்டுமே உயிருள்ள வெளியீடுகள், எர்த் அல்ல. 3.5 பின்னில் இரண்டும் ஒரே வளையத்தில் சேர்கின்றன. அதாவது இரண்டு ஆம்பின் வாயை ஒன்றோடொன்று ஷார்ட் செய்கிறீர்கள். சிலது தாங்கும், சிலது சூடாகிச் சாகும். செத்ததைக் கொண்டுவந்து வாரண்டி கேட்டால் கிடைக்காது, விற்றவரும் வாயைத் திறக்க மாட்டார்.

பேட்டரியைப் பற்றிக் கவலை வேண்டாம். 100 மில்லிஆம்ப் இழுக்கிற டாங்கிள் அரை வாட் தின்கிறது, 5000 எம்.ஏ.ஹெச். போனில் ஐந்து மணி நேரத்துக்கு 13 சதவீதம் அளவுக்குப் போகும். பிளேஸ்டேஷன் 5-இல் போடுவதானால் டாங்கிளுக்கு யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் 1 (யூஎஸ்பி வழியாக ஒலி அனுப்பும் பழைய விதிமுறை) முறை உண்டா என்று கேட்டு வாங்குங்கள். டிவியின் யூஎஸ்பி துளை பெரும்பாலும் பென் டிரைவுக்குத்தான். டிவிக்கு ஆப்டிகல் உள்ளீடு கொண்ட டேக் வாங்குவதே சரி.

கேபிள் இல்லாத குச்சி மாதிரியான டாங்கிளை மாட்டியபடி போனை ஜீன்ஸ் பாக்கெட்டில் திணிக்காதீர்கள், டைப் சி போர்ட் நெம்பிக்கொண்டு போகும். போர்ட்டில் பஞ்சு அடைத்து டாங்கிள் ஆடினால், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுங்கள். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம். உள்ளே இருக்கும் நடு நாக்கில் கீறல் விழுந்தால் அடுத்த செலவு சார்ஜிங் போர்டுக்கு.