ஹாபியா, ஹாப்பியா?

மண்டபம் பக்கத்திலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் ஒரு தங்கை எழுதியிருக்கிறார். ஆங்கில வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து தங்கள் பொழுதுபோக்கைப் பற்றி ஐந்து வாக்கியம் பேச வேண்டுமாம். இவர் எழுந்து, "மை ஹாப்பி இஸ் வாட்சிங் கிரிக்கெட்" என்றிருக்கிறார். வகுப்பே சிரித்துவிட்டது. "நான் சரியாகச் சொன்ன மாதிரிதான் எனக்குக் கேட்டது. சின்ன வயதில் நாக்கில் வசம்பு தேய்க்காமல் விட்டதால்தான் நாக்கு புரளவில்லை என்கிறார் ஆச்சி. கிரிக்கெட் வர்ணனையை ஆங்கிலத்தில் கேட்டால் சரியாகிவிடும் என்கிறான் அண்ணன். யார் சொல்வது சரி?"

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன் தங்கச்சி, நீங்கள் உண்மையான ஹாபியைச் சொன்னீர்கள். எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் 'ஸ்டாம்ப் கலெக்டிங்' என்றுதான் எழுதினோம். எங்கள் வீட்டுக்கு வருஷம் முழுக்க வந்த தபால்களை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். கொல்லைப்பக்கம் கடல். தூண்டில் போடுவோம், நண்டு வளை தோண்டுவோம், கோடை விடுமுறையில் ரயில் வரும் நேரம் பார்த்துப் பாலத்தடியில் போய் நிற்போம். இதெல்லாம் ஹாபி என்று எழுதலாம் என ஒருவருக்கும் தோன்றவில்லை.

கேள்விக்கு வருவோம். அண்ணன் சொல்வது பாதி சரி. ஆச்சியின் வசம்புக்குப் பிறகு வருகிறேன். சிக்கல் நாக்கில் இல்லை, காதில் இருக்கிறது. 'எனக்குச் சரியாகத்தான் கேட்டது' என்று நீங்களே எழுதிவிட்டீர்களே!

'பாம்பன்' என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள். அதில் இரண்டு 'ப' இருக்கின்றன. தொண்டைமேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னால், முதல் 'பா'வுக்கு உதடு திறக்கும்வரை விரலில் அதிர்வு இருக்காது. 'ம்'முக்குப் பிறகு வரும் 'ப'வில் அதிர்வு நிற்பதே இல்லை. முதலாவது 'பல்' என்பதில் வரும் ஒலி, இரண்டாவது 'பஸ்' என்பதில் வரும் ஒலி. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. 'தங்கச்சிமடம்' என்ற பெயரிலும் இப்படித்தான்: 'ங்'குக்குப் பின் வரும் 'க' அதிர்கிறது, 'ச்சி' அதிரவில்லை, உயிருக்கு நடுவே வரும் 'ட' அதிர்கிறது. சொல்லின் முதலிலும் இரட்டிக்கும்போதும் வல்லினம் வலிந்தே ஒலிக்கும். மெல்லினத்துக்குப் பின்னும் உயிர்களுக்கு நடுவிலும் நெகிழும். பள்ளியில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை, ஆனாலும் நாம் தவறுவதில்லை.

எந்த ஒலி எங்கே வரும் என்பதை இடமே முடிவு செய்துவிடுவதால், அந்த வித்தியாசத்தைக் காது கவனிக்க வேண்டிய அவசியம் தமிழில் இல்லை. 'ப'வை வலித்துச் சொன்னால் ஒரு பொருள், அதிர்த்துச் சொன்னால் வேறு பொருள் என்று வரும் சொல் ஜோடி நம் சொந்தச் சொற்களில் கிடையாது. ஆங்கிலத்தில் குண்டூசி 'பின்' வேறு, குப்பைத் தொட்டி 'பின்' வேறு. பாருங்கள், இரண்டையும் நான் ஒரே மாதிரிதான் எழுத முடிகிறது.

ஆனால் ஹாபி, ஹாப்பி இரண்டையும் தமிழில் வேறு வேறாக எழுத முடிகிறதே, அது எப்படி? எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

'அப்பா' என்று சொல்லுங்கள். நடுவில் உதடு மூடியிருக்கும் நேரத்தில் என்ன கேட்கிறது? ஒன்றுமே இல்லை. முழு நிசப்தம். 'ப்ப' என்று நாம் எழுதுவது பெரும்பாலும் ஒரு மௌனத்தைத்தான். அந்த மௌனம் எத்தனை நேரம் நீள்கிறது என்பதை அளந்துதான் காது எழுத்தை முடிவு செய்கிறது. தொல்காப்பியம் மெய்யெழுத்துக்கு அரை மாத்திரை என்றது. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம், அல்லது கை நொடிக்கும் நேரம். ஒலியைக் கால அளவால் அளக்கும் பழக்கம் நமக்குப் புதிதில்லை.

லீ லிஸ்கர் என்ற அமெரிக்க ஒலியியலாளர் 1957இல் இதே மௌனத்தை ஆங்கிலத்தில் அளந்தார். இரண்டு உயிர்களுக்கு நடுவே வரும் வலிந்த 'ப'வில் உதடு மூடியிருக்கும் நேரம் அதிகம், அதிரும் 'ப'வில் குறைவு. ஒலிநாடாவில் அந்த மௌனத்தின் நீளத்தை மாற்றினால் கேட்பவர் வேறு சொல்லைக் கேட்பார். வெறி பிடித்த என்று பொருள்படும் 'ராபிட்', மௌனத்தை நீட்டினால் வேகமான 'ராப்பிட்' ஆகிறது. ஒலியை மாற்றவில்லை, ஒலி இல்லாத இடத்தை மாற்றினார், சொல் மாறிவிட்டது! இந்த லிஸ்கர் தெலுங்கு கற்றுத்தரும் நூல் எழுதியவர், தமிழ் வல்லினங்களையும் ஆராய்ந்தவர். ஹாப்பிக்கு 'ப்ப' போட்டு எழுதிய நம் ஊர்க்காரர் யாரென்று தெரியாது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் அந்த மௌனத்தைச் சரியாக அளந்தவர் அவர். (உயிரெழுத்தும் கொஞ்சம் மாறுகிறது. ஹாபியில் வாய் உருள்கிறது, ஹாப்பியில் விரிகிறது. அதைத் தமிழ் எழுத்தில் காட்ட முடியாமல் சிலர் 'ஹேப்பி' என்று எழுதுகிறார்கள்.)

ஆக உங்கள் வாயில் ஹாபி எப்படி ஹாப்பியானது? பதற்றத்தில் உதட்டைக் கொஞ்சம் கூடுதல் நேரம் மூடியிருக்கிறீர்கள். அவ்வளவுதான். நொடியில் இருபதில் ஒரு பங்கு.

சொல்லின் முதலில் வரும் 'ப'வுக்கு இந்த அளவுகோல் பயன்படாது. பேசத் தொடங்கும் முன்னும் மௌனம்தானே! அங்கே வேறொரு கடிகாரம் ஓடுகிறது. உள்ளங்கையை வாய்க்கு முன் பிடித்துக்கொண்டு 'பல்' என்று சொல்லுங்கள். கையில் காற்று அடிக்காது. தொலைக்காட்சியில் ஒரு ஆங்கிலேயர் குண்டூசி 'பின்' சொல்வதைக் கேட்டு அதேபோல் சொல்லிப் பாருங்கள். 'ப்ஹ்' என்று ஒரு ஊதல் கையில் படும். உதடு திறந்ததற்கும் தொண்டை அதிரத் தொடங்குவதற்கும் நடுவே உள்ள இடைவெளி அது.

1964இல் லிஸ்கரும் ஆர்தர் ஆப்ராம்சனும் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்தார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் ஒன்று. ஆங்கிலக் குண்டூசியின் 'ப'வுக்குச் சுமார் 60 மில்லி நொடி. மில்லி நொடி என்பது நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தமிழ் 'ப'வுக்குச் சுமார் 10. ஆங்கிலக் குப்பைத் தொட்டியின் முதல் ஒலிக்கு? ஏறக்குறைய பூஜ்யம்.

எண்களை இன்னொரு முறை பாருங்கள். நம் 'ப' ஆங்கிலேயரின் குண்டூசியைவிட அவருடைய குப்பைத் தொட்டிக்குத்தான் பக்கத்தில் நிற்கிறது. நாம் சுத்தமாக, சரியாக, வலிந்த 'ப' சொல்லிக் குண்டூசி கேட்டாலும் லண்டன் கடைக்காரர் குப்பைத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வர வாய்ப்புண்டு. நம் வாயிலும் தப்பில்லை, அவர் காதிலும் தப்பில்லை.

ஏலக்கூடத்தில் இறால் தரம் பிரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இறால் எல்லா அளவிலும் வரும். ஆனால் இருப்பது இரண்டு கூடை என்றால் நடுவாந்தர இறாலும் பெரிய கூடையிலோ சின்னக் கூடையிலோ விழுந்தே ஆக வேண்டும். விழுந்தபின் அதன் சொந்த அளவு மறந்துபோகும். காது செய்வதும் அதுதான். ஆங்கிலக் காதில் 25, 30 மில்லி நொடிக்குப் பக்கத்தில் கூடைகளின் எல்லை இருக்கிறது. 10 வந்தால் ஒரு கூடை, 50 வந்தால் இன்னொன்று. தமிழ்க் காதில் அந்த எல்லையே போடப்படவில்லை, இரண்டும் ஒரே 'ப' கூடை.

பிறந்த குழந்தை எந்த மொழிக்கும் தயாராகத்தான் வருகிறது. 1971இல் ஒரு மாதக் குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பைக் கொடுத்து, ஒலி மாறும்போது சப்பும் வேகம் மாறுவதை வைத்து, அவை இரண்டு 'ப'வையும் பிரித்துக் கேட்பதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு வீட்டில் தேவைப்படாத வித்தியாசங்களைக் காது ஒதுக்கத் தொடங்குகிறது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறேழு மாதத்தில் இந்தியின் இருவகை 'த', 'ட' ஒலிகளைப் பிரித்துக் கேட்கின்றன. முதல் பிறந்தநாள் நெருங்கும்போது பெரும்பாலானவற்றால் முடிவதில்லை என்று வெர்க்கர், டீஸ் என்ற ஆய்வாளர்கள் 1984இல் காட்டினார்கள். நமக்கு ஆங்கிலம் எட்டாததுபோல் அவர்களுக்கு நம் ட-வும் எட்டாது. ஆங்கிலத்தின் 'டீ' நம் த-வுக்கும் ட-வுக்கும் நடுவே, ஈறில் நாக்கு பட்டுப் பிறக்கிறது. நாம் அதை ட-கூடையில் போட்டு 'டீ' என்கிறோம். கடலுக்கு அந்தக் கரையில் யாழ்ப்பாணத்துக்காரர்கள் 'ரீ' என்று எழுதுகிறார்கள். ஒரே மொழி, நடுவில் கொஞ்சம் கடல், கூடை வேறு.

இப்போது வசம்பு. எங்கள் ஆச்சியும் அதைப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றுதான் சொல்வார். இருட்டிய பிறகு பெயரையே சொல்ல மாட்டார். அந்த அன்பு புரிகிறது. ஆனால் வசம்பை நாக்கில் தேய்த்துக் காதின் எல்லையை மாற்ற முடியாது. கைக்குழந்தையின் வாயில் இப்படி எதையாவது தேய்ப்பதைக் குழந்தை மருத்துவர்கள் விரும்புவதும் இல்லை. வசம்பைத் தேய்த்தவர்களும் தேய்க்காதவர்களும் ஒரே 'பாம்பன்' சொல்கிறார்கள்.

என் கோபம் வசம்பின் மீது குறைவு. தமிழின் 'ப' எத்தனை மில்லி நொடி என்று பேச, நான் அறுபது வருஷத்துக்கு முந்திய ஒரு அமெரிக்க ஆய்வை எடுக்க வேண்டியிருக்கிறது. தொண்டியில் பேசும் பிள்ளையும் கோவையில் பேசும் பிள்ளையும் ஒரே அளவில்தான் மூச்சு விடுகிறார்களா என்று பார்க்கத் தேவை ஒரு நல்ல மைக், ஒரு மடிக்கணினி, ஓர் ஆய்வு மாணவரின் உதவித்தொகை. மொழி விழாவில் மேடைப் பூவுக்கு ஆகும் செலவு போதும்.

சரி, மூடிய காது திறக்குமா? திறக்கும். ஜப்பானியர்களுக்கு ஆங்கிலத்தின் ர-வும் ல-வும் ஒரே கூடை. 1990களில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் பிசோனி என்ற ஆய்வாளரின் குழு அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. சொல்லைக் கேட்க வேண்டும், இரண்டில் எது என்று பொத்தானை அழுத்த வேண்டும், சரியா தப்பா என்று உடனே தெரிந்துவிடும். மூன்று வாரத்தில் முன்னேற்றம் தெரிந்தது. ஒரே ஆளின் குரலில் பழகியவர்கள் அந்தக் குரலில் தேறினார்கள், புதிய ஆள் பேசியதும் தடுமாறினார்கள். ஐந்து பேர் குரலில் பழகியவர்கள் ஆறாவது ஆளையும் பிடித்துக்கொண்டார்கள். 1997இல் வந்த அடுத்த முடிவு இன்னும் அழகு: வாயே திறக்காமல் கேட்டு மட்டும் பழகியவர்களின் உச்சரிப்பும் மேம்பட்டிருந்தது. காது திருந்த, வாய் பின்னாலேயே வந்தது.

அண்ணன் பாதி சரி என்றேன் அல்லவா, காரணம் இதுதான். வகுப்பில் ஒரே ஆசிரியரின் குரல். வர்ணனை அறையில் ஆஸ்திரேலியர் ஒருவர், மேற்கிந்தியத் தீவுக்காரர் ஒருவர், மும்பைக்காரர் ஒருவர் மாறி மாறிப் பேசுகிறார்கள். 'பேட்', 'பால்', 'பிட்ச்', 'பவுண்டரி' எல்லாம் நூறு தடவை வருகின்றன, பேசப்படும் காட்சியும் கண்முன் நடக்கிறது. எங்கள் காலத்தில் தொலைக்காட்சி இல்லை. ஆனால் இந்தக் கரையில் இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். பொருள் புரியாமலே அதன் ஆங்கில ஒலிபரப்பைப் போட்டுவிட்டு வலை பின்னிய பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் இருந்தார்.

மீதிப் பாதி என்ன? சும்மா ஓடிக்கொண்டிருக்கும் வர்ணனை உங்களிடம் 'இப்போது கேட்டது எது?' என்று கேட்காது, தப்பைச் சொல்லாது. அதற்கு ஒரு விளையாட்டு. சாயங்காலம் கடற்கரை மணலில் இரண்டு வட்டம் போடுங்கள். ஒன்று குண்டூசி, ஒன்று குப்பைத் தொட்டி. கைப்பேசி அகராதியில் இரண்டு சொல்லையும் வெவ்வேறு குரல்களில் ஒலிக்கவிட முடியும். ஒருவர் திரையை மறைத்துக்கொண்டு ஒலிக்கவிட வேண்டும், மற்றவர் எந்த வட்டமோ அதில் குதிக்க வேண்டும். தப்பாகக் குதித்தால் உடனே சொல்லிவிட வேண்டும். தினமும் கால் மணி நேரம் போதும், ஆனால் விடாமல் ஆடுங்கள்.

இதெல்லாம் காது பிடிபடத்தான், லண்டன்காரர் மாதிரி ஊதிப் பேச அல்ல. இந்தியாவில் பெரும்பாலோர் ஊதாமலேதான் ஆங்கிலம் பேசுகிறோம். குப்பைத் தொட்டிக்கு மட்டும் தொண்டையை முன்கூட்டியே அதிரவிட்டு வேறுபடுத்துகிறோம். ஒருவருக்கொருவர் நன்றாகவே புரிகிறது.

கடிதத்தின் ஓரத்தில், படம் பார்க்கும்போது அடியில் தமிழ் எழுத்து ஓடவிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். 2009இல் நெதர்லாந்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்பில் காட்சிகளைப் பார்த்தவர்களில், அடியில் ஆங்கில எழுத்து ஓடியவர்களின் காது அந்த உச்சரிப்புக்குப் பழகியது. தாய்மொழி எழுத்து ஓடியவர்களுக்கு அது இடைஞ்சலாகவே இருந்தது. பொருள் கண்ணுக்கே கிடைத்துவிட்டால் காதுக்கு வேலை இல்லை. ஆகவே ஆங்கிலத்திலேயே ஓடட்டும். கதை புரியவில்லை என்றால் அண்ணனிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.