யின் யோகாவில் எது இளகுகிறது?

தரையில் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி வைத்து, முழங்கால்களைப் பக்கவாட்டில் விரித்துவிடுங்கள். முதுகை வளைத்து முன்னால் குனிந்து தலையைத் தொங்க விடுங்கள். யின் யோகாவில் இந்த நிலைக்குப் பட்டாம்பூச்சி என்று பெயர். முதல் நிமிடம் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டாவது நிமிடத்தில் உள்தொடை இழுக்கும், கண் கடிகாரத்தைத் தேடும். மூன்றாவது நிமிடம் தாண்டும்போது பார்த்தால், நாம் எதுவும் செய்யாமலே தலை இன்னும் கொஞ்சம் தரைப் பக்கம் இறங்கியிருக்கும். அந்த இறக்கம் எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னை இந்தப் பயிற்சியின் அறிவியலுக்குள் இழுத்த கேள்வி.

யின் யோகா பழமையான பெயர் போல ஒலித்தாலும் வயதில் இளையது. 1970களின் இறுதியில் அமெரிக்காவில் தற்காப்புக் கலை வீரர் பாலி ஜிங்க், சீனத் தாவோ மரபைச் சேர்ந்த தாவோ யோகாவைச் சொல்லிக்கொடுத்தார். அவரிடம் கற்ற பால் கிரில்லி, ஜப்பானியரான ஹிரோஷி மோட்டோயாமாவின் மெரிடியன் (உடலில் உயிராற்றல் ஓடுவதாகச் சொல்லப்படும் பாதை) கருத்துகளையும் உடற்கூறியலையும் அதோடு சேர்த்தார். ஓர் ஆசனத்தில் மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை தளர்வாக இருப்பதே இதன் அடிப்படை. சீன மரபில் யின் என்றால் குளிர்ந்தது, அசையாதது. யாங் என்றால் சூடானது, இயங்குவது. இந்தக் கணக்கில் தசை யாங். மூட்டைச் சுற்றியும் தசைகளுக்கு நடுவிலும் இருக்கும் இணைப்புத் திசு யின்.

இணைப்புத் திசுவில் கொலாஜன் என்ற புரத இழைகளும் நீரும் நிறைந்திருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் அது விறைத்துக்கொள்ளும். அதே விசையை மெதுவாக, விடாமல் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நீளும். கனமான பொருள் போட்ட பிளாஸ்டிக் பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றால் கைப்பிடி மெல்ல இழுபடுகிறது அல்லவா, ஏறக்குறைய அப்படித்தான். ஒரே வித்தியாசம், சுமையை எடுத்ததும் திசு பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்பிவிடும்.

சரி, திரும்பிவிடுகிறது என்றால், பல வாரம் பயிற்சி செய்தவர்கள் முன்பைவிட அதிகமாகக் குனிவது எப்படி? இங்கேதான் நரம்பு மண்டலம் வருகிறது. தசைக்குள் இருக்கும் தசைக்கதிர்கள் என்ற உணரிகள், எவ்வளவு நீட்டப்படுகிறோம், எவ்வளவு வேகமாக நீட்டப்படுகிறோம் என்பதைக் கவனித்தபடியே இருக்கும். வேகம் கூடினால் உடனே தசையைச் சுருங்கச் சொல்லும். அசையாமல் இருக்கும்போது அந்த எச்சரிக்கை அடங்குகிறது. மூன்று முதல் எட்டு வாரம் வரை நீட்சிப் பயிற்சி செய்தவர்களை அளந்து பார்த்த ஆய்வுகளில், தசை காட்டும் எதிர்ப்பு பெரிதாகக் குறையவில்லை. இழுவையை ஆபத்து என்று மூளை சொல்லும் எல்லைதான் தள்ளிப்போயிருந்தது. யின் யோகாவின் சாரம் இதுதான் என்று நினைக்கிறேன். தசை நீளுவதற்கு முன்னால் உடல் அதற்கு அனுமதி தர வேண்டும்.

அப்புறம், மெரிடியன்கள். 'ச்சி' எனும் உயிராற்றல் ஓடும் 12 முதன்மைப் பாதைகளைச் சீன மருத்துவம் வரைந்து வைத்திருக்கிறது. பட்டாம்பூச்சியில் இழுபடும் உள்தொடை வழியாகக் கல்லீரல், சிறுநீரகம், மண்ணீரல் ஆகியவற்றின் பாதைகள் போகின்றன. மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து கிடைத்த பட்டுச் சுவடிகளில் 11 பாதைகள்தான் இருந்தன. அந்த வரைபடமே காலப்போக்கில் வளர்ந்தது என்பதற்கு அது சான்று. உடலை அறுத்துப் பார்த்தால் மெரிடியன் என்று தனியாக ஒரு குழாய் கிடைப்பதில்லை. ஆனால் 2002இல் அமெரிக்காவில் ஹெலன் லாஞ்செவினும் உடன் ஆய்வாளரும் மனிதக் கையின் குறுக்குவெட்டுகளை ஆராய்ந்தபோது, மெரிடியன் பாதைகளில் ஊசி குத்தும் அக்குபங்சர் புள்ளிகளில் சுமார் 80 சதவீதம், தசைகளுக்கு இடையிலோ தசைக்குள்ளோ இருக்கும் இணைப்புத் திசு அடுக்குகளோடு பொருந்தின. சிறிய ஆய்வுதான், ஆற்றல் ஓடுகிறது என்று அது நிரூபிக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை மெரிடியன் ஒரு கவன வரைபடம். கண்ணோரத்தில் தொடங்கித் தலை, முதுகு, காலின் பின்பக்கம் வழியாகக் கால் சுண்டுவிரலில் முடியும் சிறுநீர்ப்பைப் பாதையை மனதில் வைத்துக்கொண்டு முன்னால் குனிந்து பாருங்கள். காலை நீட்டினால் முதுகும் கூடவே இழுபடுவது தெளிவாகத் தெரியும்.

வீட்டில் தனியாகச் செய்யும்போது மூன்றாவது நிமிடத்திலேயே நான் எழுந்துவிடுவதுண்டு. பத்துப் பேர் இருக்கும் அறையில் ஐந்து நிமிடம் தாங்க முடிகிறது. இது வெறும் வைராக்கியம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகப் படகோட்டிகள் 12 பேர், உடற்பயிற்சி எந்திரத்தில் தனியாகவும் அணியாகவும் துடுப்புப் போட்டார்கள். உழைப்பு ஒரே அளவுதான். ஆனால் அணியாகச் செய்த பிறகு அவர்களின் வலி தாங்கும் எல்லை தெளிவாக அதிகம் உயர்ந்திருந்தது. ஒத்திசைந்த இயக்கம், உடலே சுரக்கும் வலி குறைக்கும் பொருளான எண்டோர்பினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். யின் யோகாவில் துடுப்பும் இல்லை, வியர்வையும் இல்லை. ஆனால் மூச்சு இருக்கிறது. 2013இல் சுவீடனில் சேர்ந்து பாடியவர்களை அளந்தபோது, பாட்டு மூச்சைச் சீராக்க, அவர்களின் இதயத் துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்கியது. பக்கத்துப் பாயில் ஒருவர் நீளமாக மூச்சை விடும்போது நம் மூச்சும் தானாக நீள்கிறது. அந்த நீண்ட வெளிமூச்சில், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது.

கூட்டத்தில் ஒரு கெடுதலும் உண்டு: பக்கத்தில் இருப்பவர் அளவுக்கு நாமும் குனியப் பார்ப்போம். மந்தமான இழுவை பரவாயில்லை. சுரீரென்ற வலியோ, மின்சாரம் பாய்வது போன்ற கூச்சமோ, மரத்துப்போவதோ வந்தால் உடனே வெளியே வந்துவிடுங்கள், அது நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக இருக்கலாம். மூட்டுகள் இயல்பாகவே அளவுக்கு மீறி வளைபவர்களும், கர்ப்பிணிகளும், முதுகுத் தட்டுப் பிரச்சினை உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவதே நல்லது.

மணி அடித்ததும் விருட்டென்று எழ வேண்டாம். கைகளால் முழங்கால்களைத் தாங்கி மெதுவாக மூடுங்கள். இடுப்பு நம்முடையதே இல்லை என்பது போல ஒரு தளர்ச்சியும் லேசான விறைப்பும் சேர்ந்து வரும். இழுபட்டு நின்ற திசு தன் பழைய அளவுக்குத் திரும்பத் தொடங்கியிருக்கிறது. அடுத்த ஆசனத்துக்குப் போவதற்கு முன் அதற்கு ஒரு நிமிடம் கொடுங்கள்.